வண்ணத் தாளில் வடியும் தண்ணீர்

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் உலக நீர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் மன்றம் 1992இல் முடிவுசெய்ய, 1993 முதல் உலகெங்கும் நினைவுகூரப்பட்டு வரும் நாள் அது. அந்நாளையொட்டி நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் விழா எடுக்கிறார்கள். வாயிலில் நெகிழியாலான பெரியதொரு பதாகை தொங்குகிறது. மண்டபத்தில் மணிலா அட்டைகள் விரிக்கப்படுகின்றன. சிறப்பு விருந்தினர்க்கும் நடுவர்க்கும் போத்தல் தண்ணீர் வழங்கப்படுகிறது. பாதி குடித்த போத்தல்கள் மேசைமீதே விடப்படுகின்றன. பிள்ளைகளோ குனிந்த தலை நிமிராமல் வரைகிறார்கள். எதனை வரைகிறார்கள்? கண்ணீர் வடிக்கும் உலக உருண்டை ஒன்று. அதனைத் தாங்கும் இரு கைகள். மேலே சொட்டும் குழாய். கீழே வெடித்த நிலம். சென்ற ஆண்டு பரிசு பெற்ற ஓவியமும் இதுவே. அதற்கு முந்திய ஆண்டு பரிசு பெற்றதும் இதுவேதான்.

போட்டி முடிந்ததும் தூரிகைகளையும் வண்ணத் தட்டுகளையும் கழுவப் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடுகிறார்கள். வரிசையாயுள்ள குழாய்கள் அனைத்தும் திறந்து கிடக்க, நீலமும் பச்சையும் கலந்த நீர் வடிகாலை நோக்கி ஓடுகிறது. ஆசிரியர் மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். குழாயை மூடச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நீரைப் போற்றுவதற்கென்றே வகுத்த நாளில், அப்பள்ளியின் நீர்க்கட்டணம் மற்ற நாள்களைவிடக் கூடியிருந்தால் வியப்படைவதற்கு ஒன்றுமில்லை.

சித்திரத்தின்மீது எமக்குப் பகையில்லை. குழந்தை கையால் செய்வதே மனத்தில் தங்கும் என்பதையும், உரையால் ஊட்ட முடியாததைப் படைப்பால் ஊட்டலாம் என்பதையும் மறுப்பவர் யார்? ஆனால், படைப்பு என்னும் பெயரால் நம் பள்ளிகளில் நடைபெறுவது படைப்புத்தானா என்பதே எம் வினா. முன்னரே முடிவாகிவிட்ட ஒரு படத்தைப் பார்த்து நூறு பிள்ளைகள் படியெடுப்பதற்குப் படைப்பு என்று பெயரிட்டதால், படைப்பும் கெட்டது, நீரும் கெட்டது. பரிசுக் கிண்ணம் மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் கெடாமல் இருக்கிறது.

வரைபவருக்கு ஒன்றென்றால் பேசுபவருக்கு இன்னொன்று. திருக்குறள் மனனப் போட்டியில் வான்சிறப்பு அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் சிறுமியைக் கண்டு நாம் கைதட்டுகிறோம். கடவுள் வாழ்த்தை அடுத்து உடனே மழையை வைத்த புலவனின் துணிவை அச்சிறுமிக்கு எவரும் விளக்கியிருக்கமாட்டார்கள். போகட்டும். நேற்றுப் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். அவள் விழிப்பாள். அவளுக்குப் பயிற்சி தந்த ஆசிரியரும் விழிப்பார். மழையைப் பற்றிய பாட்டுத் தெரியும், மழை தெரியாது. இது கல்வியா?

இப்படிப்பட்ட விழாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: பல் துலக்கும்போது குழாயை மூடு. நல்ல அறிவுரைதான். ஆனால் அதன் மறுபக்கம் சொல்லப்படுவதில்லை. நம் நாட்டில் சுத்திகரித்துக் குழாயில் ஏற்றப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது, கட்டணம் பெறும் கணக்கிற்குள் வந்து சேர்வதே இல்லை. பழங்குழாய்களின் வெடிப்பு, திருட்டு இணைப்பு, பழுதடைந்த மானி ஆகிய அனைத்தும் சேர்ந்த இழப்பு இது. இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் கசிந்து போவதே. பெர்லிஸ் மாநிலத்தில் இவ்விழப்பு பாதியையும் தாண்டியிருந்தது. ஒரு பிள்ளை பல் துலக்குகையில் மிச்சப்படுத்தும் இரண்டு குவளை நீரைப் பாராட்டிக் கைதட்டும் பெரியவர்கள், பள்ளி வேலிக்கு வெளியே சாலையோரத்தில் மூன்று நாளாகப் பொங்கி வழியும் உடைந்த குழாயைத் தாண்டித்தான் விழாவிற்கு வந்து சேர்கிறார்கள்.

இதனை நாம் சொன்னவுடன், பொறுப்பை அரசின் தலையில் சுமத்தித் தனிமனிதனைத் தப்பவிடுகிறீர் என்று சிலர் குறுக்கிடுவர். அன்று. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்கு வீட்டில் செலவிடும் நீர் 200 லிட்டரைத் தாண்டுகிறது. சிங்கப்பூரில் 2023இல் அது 141 லிட்டர். அதே வெப்பம், ஏறத்தாழ அதே மழை, அதே மக்கள். ஆகவே வீட்டுக் குழாயிலும் குற்றம் உண்டு. ஆயினும் குழந்தைக்கு அதன் குற்றத்தை மட்டும் காட்டி, பெரியோர் குற்றத்தை மறைத்துவைக்கும் கல்வி நேர்மையற்றது என்கிறோம். குழந்தைகள் அறிவிலிகள் அல்லர். பொய்யை மோப்பம் பிடிப்பதில் நம்மைவிட வல்லவர்கள். மெய்யில் பாதியை மட்டும் சொல்லும் ஆசிரியரின் மீதிப் பாதியையும் அவர்கள் நம்பாமல் போய்விடுவர்.

நீர் வீணாவதைவிடக் கொடியது நீர் நஞ்சாவது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் நடந்ததை இத்தனை விரைவில் மறந்துவிட்டோமா? கிம் கிம் ஆற்றில் எவரோ இரசாயனக் கழிவைக் கொட்டினர். அதன் நச்சுப் புகையை முதலில் சுவாசித்து மயங்கியவர்கள் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்களே. ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர்; நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. பின்னர் 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் கோங் ஆறு மாசுபட்டது. சிலாங்கூர் ஆற்று நீரை நம்பியிருந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நான்கு நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 இலட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. நோய்த்தொற்றுக் காலம் அது. கை கழுவுங்கள், கை கழுவுங்கள் என்று ஊரெங்கும் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் குழாய்கள் வறண்டன.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் எந்த வண்ணப் போட்டியிலாவது கருப்பொருளாக வைக்கப்பட்டனவா? எம் பார்வைக்கு எட்டியவரை இல்லை. நீலக் கைகள் உலகைத் தாங்கும் படத்தில் ஆலையும் இல்லை, கழிவு வண்டியும் இல்லை, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மாணவனும் இல்லை. யாரையும் நோகடிக்காத படமே பரிசுக்குரிய படம் என்பது எழுதாத விதி போலும்.

நம் நாடு வறண்ட நாடன்று. தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. இந்த வளமே நமக்குக் கேடாயிற்று. மழை கொட்டும் நாட்டில் தண்ணீர் எப்படித் தீரும் என்னும் இறுமாப்பு நம்மிடம் வேரூன்றிவிட்டது. 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கல் அணை வற்றியபோது அவ்விறுமாப்பு ஒருமுறை அடிபட்டது. 1998இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பங்கீட்டு முறையில் நீர் வழங்கப்பட்டபோது மறுமுறை அடிபட்டது. 2014இல் மீண்டும். அவ்வப்போது வாளிகள் வாங்கினோம். மழை வந்ததும் அவ்வாளிகளில் பூச்செடி நட்டோம். ஒவ்வொரு முறையும் பாடம் படித்தது போலவும், படிக்காதது போலவும் ஆகிவிட்டது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இப்படியொரு விழா தேவைப்படவில்லை. லயத்துக்கு ஒரு குழாய். அதிலும் குறித்த நேரத்தில்தான் நீர் வரும் என்ற நிலை பல தோட்டங்களில் இருந்தது. விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்று திரும்பிய பெண்கள், மண்ணெண்ணெய்த் தகரங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தனர். தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீர் தரப்பட வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றால், எழுதி வற்புறுத்த வேண்டிய நிலை அதுவரை இருந்தது என்றுதானே பொருள்? அந்தத் தகரத்தைத் தலையில் சுமந்தவர் எவரும் அரிசி களைந்த நீரைக் கீழே ஊற்றியதில்லை. அது முருங்கைக்குப் போயிற்று. பாத்திரம் அலம்பிய நீர் வாழைக்குப் போயிற்று. அந்த வறுமையைப் போற்ற நாம் முன்வரவில்லை. அது மீண்டும் வரவேண்டும் என்று வாழ்த்துபவன் மனிதனே அல்லன். ஆனால் அந்தப் பாட்டிமார்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து, பாட்டி, அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனைத் தகரம் தண்ணீர் எடுத்தீர்கள், எதெதற்குச் செலவழித்தீர்கள் என்று கேட்டு எழுதிவரட்டும். அந்தக் கட்டுரைக்கு ஈடான படைப்பு வேறு எங்கிருந்து கிடைக்கும்? தமிழ்மொழிப் பாடத்தில் அதற்கு இடமுண்டு. நாமோ ‘நான் ஒரு துளி நீர்’ என்று தொடங்கும் தன்கதையை எழுதச் சொல்லி, பயிற்சி நூலில் அச்சடித்துள்ள முன்மாதிரியை மனப்பாடம் செய்யவைக்கிறோம்.

வேறு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்குச் சொல்வோம். வீட்டு வாயிலருகே நீர்மானி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதனைக் கண்டதில்லை. கண்டவர்களும் அதன் மூடியைத் திறந்ததில்லை. அதில் ஒரு வகை எண்கள் கனமீட்டரையும், சிவப்பு எண்கள் அதன் பின்னங்களையும் காட்டும். ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர். நாலாம் ஆண்டு மாணவனுக்கு இந்தக் கணக்குப் போதும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் எண்ணைக் குறிக்கட்டும். வீட்டிலுள்ளோர் தொகையால் வகுக்கட்டும். தன் வீடு தலைக்கு எத்தனை லிட்டர் என்று அவனே கண்டுபிடிப்பான். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் தொடாமலே எண் ஓடியிருந்தால் வீட்டில் எங்கோ கசிவு உண்டு. அதைத் தேடுவதில் துப்பறியும் கதையின் சுவை இருக்கிறது. கழிவறைத் தொட்டியில் சிறிது வண்ணத்தைக் கலந்துவிட்டு, அழுத்தாமலே கீழே வண்ணம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி. போட்டி முடிந்தபின் மிஞ்சிய வண்ணம் அதற்காவது பயன்படட்டும்.

இதன்பின் அந்த மாணவன் வரையட்டும். தன் வீட்டு நீரின் ஏழு நாள் ஏற்ற இறக்கத்தைத் தூண்களாகவோ அலைகளாகவோ வரையட்டும். அக்காள் தலைமுழுகிய நாள் ஏன் உயர்ந்தது, அப்பா வண்டி கழுவிய ஞாயிறு ஏன் வானைத் தொட்டது என்று அருகில் நகைச்சுவையாகச் சித்திரம் தீட்டட்டும். அந்தப் படம் குடும்பத்தில் ஒரு சண்டையை உண்டாக்கும். உண்டாக்க வேண்டும். நெஞ்சைத் தொடாத படம் சுவரைத்தான் அலங்கரிக்கும்.

மழையையும் இப்படியே பிடிக்கலாம். நேர்ச்சுவருள்ள வெற்று மைலோ டின் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்தால் அதுவே மழைமானி. நின்ற நீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். அளந்தவுடன் கொட்டிவிட வேண்டும். கொசுவை வளர்த்து டிங்கியை அழைத்துவரக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பள்ளிக் கூரை நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர் என்று கொண்டால், 50 மில்லிமீட்டர் மழை பெய்த ஒரு மாலையில் அக்கூரையில் விழுந்த நீர் 10,000 லிட்டர். அத்தனையும் வடிகாலில் போயிற்று என்பதைத் தானே கணக்கிட்டுத் தெரிந்துகொண்ட சிறுவனிடம் மழைநீர்ச் சேகரிப்பின் பெருமையை யாரும் பேசிக் காட்ட வேண்டியதில்லை. அவனே தலைமையாசிரியரின் அறைக் கதவைத் தட்டி, ஐயா, நம் பள்ளிக்குப் பீப்பாய் ஒன்று வாங்கலாமா என்று கேட்பான்.

அடுத்து வடிகால். நாம் லோங்காங் என்று பேச்சில் சொல்லிவிட்டுப் போகும் அந்தக் கால்வாய் எங்கே போகிறது? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் எண்ணெய்க் கழிவு எந்த ஓடையில் கலக்கிறது? அந்த ஓடை எந்த ஆற்றில் விழுகிறது? ஆசிரியரும் பெற்றோர் இருவரும் உடன்வர, மழையில்லாத காலைப்பொழுதில் பாதுகாப்பான தொலைவில் நின்று, அந்தக் கால்வாயைத் தொடர்ந்து சென்று நிலப்படம் வரையச் சொல்லுங்கள். எங்கே நிறம் மாறுகிறது, எங்கே நாற்றம் தொடங்குகிறது, எங்கே மீன் இருக்கிறது என்று அப்படத்தில் குறிக்கட்டும். அதனோடு ஒரு கடிதமும் எழுதட்டும். நகராண்மைக் கழகத்துக்கோ, நீர் விநியோக நிறுவனத்துக்கோ. உடைந்த குழாயின் இடம், பார்த்த நாள், நேரம், எத்தனை நாளாக ஓடுகிறது என்ற விவரம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். தேசிய மொழியிலும் எழுதட்டும். தமிழில் எழுதிப் பள்ளி அறிக்கைப் பலகையிலும் ஒட்டட்டும். புகார்க் கடிதம் இலக்கியமா என்று நகைப்பவர்கள் நகைக்கட்டும். பத்து வயதுப் பிள்ளை எழுதிய கடிதத்தால் ஒரு குழாய் அடைபட்டால், அந்தப் பிள்ளைக்கு மொழியின் ஆற்றல் புரிந்துவிடும். நம் அடுத்த தலைமுறை எழுத்தாளர் அங்கிருந்துதான் வருவார்.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு வருத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏரி, குளம், ஊருணி, கேணி, சுனை, மடு, கண்மாய், வாய்க்கால், மதகு என்று நீர் நின்ற இடத்துக்கும் நடந்த வழிக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு இவற்றுள் எத்தனை தெரியும்? எல்லாம் ‘பைப்புத் தண்ணி’தான். ஊருணியும் கண்மாயும் இந்நாட்டில் இல்லை, ஆகவே தெரியாதது குற்றமாகாது என்றே வைத்துக்கொள்வோம். இந்நாட்டு நீராவது தெரிகிறதா? பகாங் மாநிலத்துச் செமந்தான் ஆற்று நீர், தித்திவாங்சா மலைத்தொடரின் அடியில் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே சிலாங்கூருக்கு வருகிறது. மலையைத் துளைத்து ஓடிவரும் அந்த நீர்ப் பயணத்தை நாடகமாக்கினால் எந்தச் சிறுவன் நடிக்கமாட்டான்? ஆறாகவும் மலையாகவும் துளைக்கும் எந்திரமாகவும், கடைசியில் அந்த நீரைத் திறந்துவிட்டு மறந்துபோகும் மாணவனாகவும் ஆளுக்கொரு வேடம் கிடைக்கும்.

நேரமில்லை, பாடத்திட்டம் நெருக்குகிறது, அறிக்கை எழுதவே பொழுது போதவில்லை என்று ஆசிரியர்கள் கூறுவர். அவர்கள் படும் பாடு உண்மை. அதனை எள்ளி நகையாட எமக்கு மனம் வராது. ஆனால் ஒரு போட்டிக்கு ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: மாணவர் தேர்வு, பயிற்சி, அழைப்பிதழ், பதாகை, நடுவர், உணவு, படம் பிடித்தல், அறிக்கை. நீர்மானிக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். நேரம் இல்லை என்பதைவிட, நீர்மானியைப் படம்பிடித்து மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினால் எடுப்பாக இராது என்பதே உள்ளிருக்கும் காரணமோ என்று ஐயுறுகிறோம்.

விலையை உயர்த்தினால் எல்லாரும் தாமே சிக்கனமாவர், பள்ளியில் எதற்கு இந்தப் பாடம் என்போரும் உளர். தீபகற்பத்தில் 2024 பிப்ரவரியில் கனமீட்டருக்குச் சராசரியாக 22 காசு உயர்த்தினார்கள். தேநீர்க் கடையில் ஒரு குவளைத் தேநீருக்கும் காணாத அத்தொகையால் எத்தனைப் பேர் குளிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள்? விலை, பணக்காரன் காதில் விழாது. ஏழையின் காதில் மட்டும் இடியாக விழும்.

அண்டை நாட்டைச் சற்றுப் பார்ப்போம். சிங்கப்பூர் 1963இலும் 1964இன் தொடக்கத்திலும் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீட்டை அனுபவித்த ஊர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை 2061 வரை அதற்கு உண்டு; அதன்பின் என்ன என்ற அச்சமே அதற்கு ஆசிரியராக அமைந்தது. அங்கும் வண்ணப் படமும் நீர்த்துளிப் பொம்மையும் உண்டு. ஆனால் அங்குள்ள பள்ளிகளில் குழாய்களைச் சில மணி நேரம் அடைத்துவிட்டு, மாணவர்களை வாளியேந்தி வரிசையில் நிற்கவைக்கும் ஒத்திகையும் நடத்தியிருக்கிறார்கள். கழிவறைக்கு ஒரு வாளி நீரைச் சுமந்து சென்ற பிள்ளைக்கு, ஓர் அழுத்தில் எவ்வளவு நீர் போகிறது என்பது தோளில் தெரியும். அவர்களைப் புகழ்வதால் நம்மவர்க்குச் சினம் வரலாம். வரட்டும். நம் பாட்டியர் நாள்தோறும் செய்ததை அவர்கள் பாடமாக்கினார்கள். நாமோ அப்பாட்டியரையே மறந்தோம்.

எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த நமக்கும் இதில் பங்குண்டு. கவிதைப் போட்டிக்கும் முழக்கவரிப் போட்டிக்கும் நடுவராக அமர்பவர்கள் நாமே. எதுகை மோனை நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுபவர்களும் நாமே. அடுத்த மார்ச்சில் அழைப்பு வரும்போது மறுக்க வேண்டாம், போகலாம். முதல் பரிசுக்குரிய பிள்ளையை மேடைக்கு அழைத்ததும், கிண்ணத்தைக் கையில் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்தப் பள்ளிக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, தம்பி? அவன் பதில் சொன்னால் கிண்ணம் அவனுக்கு. சொல்லாவிட்டால், ஒலிவாங்கியை அப்படியே திருப்பி, முன்வரிசையில் போத்தல் தண்ணீரோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் அதே கேள்வியைக் கேட்போம்.